இரட்டை ஓரக் காலணா

யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்து, கடைசியில் ரயிலேறி ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கிய நேசையனுக்கு உடம்பின் ஓரங்கள் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. மூக்கை ஒட்டி மயிரிழை தள்ளி இன்னொரு மூக்கு, காதை ஒட்டி இன்னொரு காது. சட்டையும் அப்படித்தான், அதன் பித்தான்களும் அப்படித்தான். டிக்கெட் கலெக்டர் ஒரு டிக்கெட் கேட்பதா, இரண்டு கேட்பதா என்று கொஞ்ச நேரம் குழம்பினார். பிறகு அகதிகளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்ற உத்தரவு ஞாபகம் வந்து, போகச் சொல்லிவிட்டார். கம்பவுண்டர் மலேரியா என்றார். பூக்கார மாரியாத்தாள், பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் தெரியும், நாலு வேளை சோறு உள்ளே போனால் ஒன்றாகக் கூடிவிடும் என்றாள். பிளாட்பாரத்தில் அச்சுமுறுக்கு விற்றுக்கொண்டிருந்த பரிபூரணம் மட்டும் அந்த ஓரங்களையே உற்றுப் பார்த்தாள். அவள் நேசையனின் பெண்சாதி. அவன் கடுதாசி நின்ற நாளிலிருந்து அந்த மாதிரி ஓரத்தைத்தான் அவள் காசுகளில் தேடிக்கொண்டிருந்தாள்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் விட்ட வருஷம் அவன் போனான். அதுவரை பஞ்சுக்கொட்டை எடுக்கும் ஜின்னிங் ஆலையில் வேலை. பர்மாவில் பெகு அரிசி ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, அதற்குள் என்ன அவசரமோ! கிளம்புகிற வாரம் வாங்கிய கூலியில் இரண்டு புதுக் காலணாக்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே கோளாறு. வருஷத்துக்கான எண்ணிலும், காலை நீட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்திலும் கோடு இரட்டையாக ஓடியது. ஒன்றை அவள் கையில் வைத்தான். மற்றதை வேட்டி முனையில் முடிந்துகொண்டான்.

“ஏட்டி, பட்டினி கெடந்தாலும் இதச் செலவழிக்க மாட்டேன். என்னிக்காவது இது சுத்தி ஒன் கைக்கு வந்துச்சுன்னா, நான் இல்லன்னு வச்சுக்கோ” என்றான்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு இங்கும் அங்கும் ஒரே ராஜா தலைதான், ஒரே காசுதான். பெகுவில் வெற்றிலைக்குக் கொடுத்த காலணா, ஊர் திரும்பும் எவன் மடியிலாவது ஏறி ராஜபாளையம் வந்து சேரும். அவளும் அதை அப்படியே நம்பினாள். இரண்டு வருஷம் கடுதாசி வந்தது, அப்புறம் நின்றுபோனது. பரிபூரணம் தகரப் பெட்டியில் அச்சுமுறுக்கை அடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தாள். ஊருக்குள் வரும் காசெல்லாம் அந்த வழியாகத்தானே வர வேண்டும். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே முறுக்கைக் கொடுப்பாள். ரயில் கிளம்பிவிடுமோ என்று தவிப்பவர்கள், காசுக்கு மாப்பிள்ளைப் பொருத்தம் பார்க்கிறாயா என்று கேலி செய்வார்கள். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவாள். வத்திராயிருப்பு, புதுப்பட்டி, தளவாய்புரம் என்று சுற்றுவட்டாரத்துக் காசு முழுக்கத் தேர் பார்க்க வரும். அங்கேதான் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் இருளப்பசாமியிடமிருந்து கண்ணில் இடுக்கும் பழைய பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கினாள்.

தன்னிடமிருந்த காலணாவை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். அந்த டப்பாவைக் கீழே வைத்தால் சத்தம் இரண்டு தரம் கேட்கும். இரண்டாவது சத்தம் கொஞ்சம் தயங்கி வரும். சாயங்காலம் வீடு திரும்பி, விளக்கேற்றி, டப்பாவைத் தரையில் வைத்து அந்த இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருப்பாள். அந்த வீட்டில் அவளுக்கு அதைத் தவிரத் துணை கிடையாது.

ஒரு ஆடிப்பூரத்தில் அந்தக் காசு வந்தது. அதே வருஷம், அதே எழுத்து, கோடு இரட்டை. தேர் நிலைக்கு வரும் முன்பே முறுக்குப் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். தாலியைக் கழற்றினாள், வெள்ளைச் சேலை உடுத்தினாள். வேதக்கோயிலில் துக்கமணி அடித்தார்கள். உபதேசியார் ஐயாதுரை செய்த ஞாபகார்த்தப் பிரசங்கத்தில் நேசையனை முன்பின் தெரியாதவர்கள்கூடத் தேம்பி அழுதார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது. துக்கம் என்று அடுப்பை அணைத்துவிட முடியுமா? பரிபூரணம் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்து முறுக்குச் சுட்டாள். அவளிடம் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒன்று நல்லது. மற்றது கொல்லன் வார்க்கும்போதே பூவின் இதழ்களில் கோடு இரட்டையாக விழுந்துபோனது. அதில் சுட்டால் எல்லா முறுக்கிலும் இரட்டைக் கோடு வரும். அன்றைக்கு அவன் ஞாபகத்தில் கை ஆடி, நல்ல அச்சில் சுட்ட ஒரு முறுக்கிலும் கோடு இரண்டாகிவிட்டது. அடுத்தது சரியாக வந்தது. இரண்டு ரகத்தையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். கை ஆடிய முறுக்கில் இரண்டாவது கோடு தட்டையாக, முதல் கோட்டின் சதையைச் சுரண்டி எடுத்து உண்டானது. அச்சுக் கோளாறில் இரண்டு கோடும் உருண்டு திரண்டு சம உயரத்தில் நின்றன. அவை பிரியும் மூலையில் நகம் வைத்துக் கீறியது போலச் சின்னப் பிளவு இருந்தது.

எண்ணெய் கருகட்டும் என்று விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். தேரில் வந்த காசில் இரண்டாவது கோடு தட்டை. அடிக்கும்போது காசு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். டப்பாவிலிருந்த காசில் மூலைக்கு மூலை பிளவு. ஆக, நேசையன் சாகவில்லை. செத்தே போயிருந்தாலும் அந்தச் சேதி இந்தக் காசில் வரவில்லை. அன்றைக்கே கழற்றி வைத்த தாலியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அடித்த மணியை எப்படியம்மா திருப்பி எடுப்பது என்று உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மணி அடிச்சது நீங்க. அவிய இருக்காவ” என்றாள் பரிபூரணம்.

அதற்குப் பிறகு அவளைக் கல்யாண வீட்டுக்கும் கூப்பிடவில்லை, இழவு வீட்டுக்கும் கூப்பிடவில்லை. சுமங்கலி வரிசையில் உட்கார வைப்பதா, விதவை வரிசையிலா என்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் அவள் இருந்த பாயில் பக்கத்தில் ஆள் உட்காருவது நின்றது. அவளும் காசே கதியென்று கிடந்தாள். தேய்ந்த காசு, நசுங்கிய காசு, நழுவி அடித்த காசு எல்லாவற்றையும் நகத்தால் தடவியே சொல்லிவிடுவாள். மூலை பிளந்த காசு மட்டும் வரவில்லை. அது வராத நாளெல்லாம் அவன் உயிரோடு இருந்த நாள். அப்படித்தான் அவளுக்கு வயதாகியது.

இப்போது ஆளே வந்துவிட்டான். மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பாயில் விழுந்து தூங்கினான். பரிபூரணம் கதவைத் திறந்து வெளிச்சம் வரவிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆண்டவரே, தட்டையாக இருக்கட்டும் என்று ஜெபித்தாள். காட்டிலும் மலையிலும் அலைந்த அலைச்சலில் நழுவிய ஓரமாக இருந்தால், மாரியாத்தாள் சொன்னபடி சோறு தின்றால் கூடிவிடும். கண்ணோரத்தைப் பார்த்தாள். நகத்தின் மூலையைப் பார்த்தாள், காது மடலைப் பார்த்தாள். இரண்டு கோடும் உருண்டு, சம உயரத்தில் இருந்தன. மூலைக்கு மூலை பிளவு இருந்தது. அது அச்சிலேயே விழுந்தது.

அவன் முழித்துக்கொண்டான். அவள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“அங்க யாரு இருக்கா?” என்று கேட்டாள்.

“மா சேன்னு ஒருத்தி. ஒரு பொம்பளப் பிள்ளையும் இருக்கு. குண்டு விழுந்த அன்னிக்குச் சந்தையில பிரிஞ்சிட்டோம்.”

“அவ நெசமா, நான் நெசமா?”

“ரெண்டும் நெசந்தான் பரிபூரணம். நான் ஒருத்தன்னு நெனச்சுத்தான் கப்பல் ஏறுனேன்.”

வேட்டி முனையை அவிழ்த்துக் காலணாவை எடுத்துக் கொடுத்தான். கறுத்துப்போயிருந்தது, ஆனால் அதேதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். அதற்காக அவனைத் திட்டவும் முடியாமல், கொண்டாடவும் முடியாமல் அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள். அழுது முடித்ததும் கண்ணாடிக்குக் கீழே தன் கையை வைத்துப் பார்த்தாள். விரல், நகம், வளையல் தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கேயும் பிளவு இல்லை. சுத்தமான ஒற்றைக் கோடு. இத்தனை வருஷமும் இந்த வீட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருக்கிறாள்.

அன்று ராத்திரியிலிருந்து அவனுக்கே இரண்டு தட்டு வைத்தாள். ரேஷன் வந்தபோது கணக்கெடுக்க வந்த குமாஸ்தா நேசையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு போனார். சாயங்காலமானால் அவனுடைய இரண்டாவது ஓரம் கிழக்கே பார்த்துத் திரும்பி, பர்மா பாஷையில் ஏதோ தாலாட்டு முனகும். முதல் ஓரம் பேசாமல் முறுக்குக்கு மாவு கரைத்துக் கொடுக்கும். மயிரிழையாக இருந்த இடைவெளி விரற்கடை ஆயிற்று, பிறகு ஒரு முழம் ஆயிற்று. ஊர் அதற்கும் பழகிவிட்டது. தகர டப்பாவில் இரண்டு காலணாவும் ஒன்றாகக் கிடந்த அந்த வருஷங்களில் சத்தம் ஒரு தரம்தான் கேட்டது.

யுத்தம் முடிந்து ரங்கூனுக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் ஒரு நேசையன் கிளம்பினான். இன்னொரு நேசையன் அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தான். போகிறவன் எவன், இருக்கிறவன் எவன் என்று ஊரில் எல்லோரும் பரிபூரணத்திடம் கேட்டார்கள். அச்சு ஒன்றுதானே, இதில் எவன் என்ன என்று சொல்லிவிட்டாள். ஒரு பொட்டலம் அச்சுமுறுக்கைக் கொடுத்து, அந்தப் பிள்ளைக்கு என்றாள். அப்புறம் ஒரு காலணாவை அவன் வேட்டி முனையில் தானே முடிந்து விட்டாள்.

“செலவழிச்சிராதீங்க” என்றாள்.

“வாரேன்” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கீழே வைத்தாள். சத்தம் இரண்டு தரம் கேட்டது. மறுநாள் காலை வண்டிக்கு வழக்கம்போல முறுக்குப் பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். கூடவே வந்திருந்த நேசையன் அவள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தான் இருக்கேனே, இன்னும் என்னத்தப் பாக்க?” என்று கேட்டான்.

“போனவிய இருக்காவளான்னு பாக்கேன்” என்றாள் பரிபூரணம்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த காசுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வாகாக அவளிடம் எடுத்து நீட்டினான்.