துவைக்காத கோட்டு

உலகத்தில் அறிவியல் எங்கெல்லாம் தோற்றதோ, அங்கெல்லாம் அதைக் கவிழ்த்தது பாசம்தான். இது எங்கள் ஆய்வகத்தில் நோபல் அறிவித்த உண்மை. நோபல் என்பது அவன் வாங்கிய பரிசு அல்ல. வாங்கப்போவதாக விடுதியில் தினமும் சொன்னதால் நாங்கள் வைத்த பெயர்.

"எலிங்கறது நாலு கால் வச்ச மெஷின். ஊசி போட்டா ஓடும், போடலேன்னா சும்மா கெடக்கும். அதைப் போய்க் கொஞ்சிக்கிட்டு!"

குத்தல் அக்காவுக்கு. அக்கா எங்களுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. அவள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே அளவு ஊக்க மருந்தைக் கொடுத்தால் அதிகம் ஓடுவது பயந்த எலியா, நிம்மதியான எலியா? பயந்த எலியின் ரத்தத்தில் ஏறிக்கிடக்கும் பதற்ற ஹார்மோன் மருந்தோடு கைகோத்துக்கொள்ளும், அதுதான் வெறிபிடித்து ஓடும் என்பது அவள் கணிப்பு.

அதற்காக ஒரு கூட்டத்தைக் குறுகிய குழாயில் அடைத்துப் பதறவைப்பாள். இன்னொரு கூட்டத்துக்கு மறுவீடு வந்த மாப்பிள்ளை மரியாதை. தினமும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பாள். அப்போது போடுவது எப்போதும் ஒரே கோட்டு. வாசனை மாறினால் எலி மிரளும் என்று அதைத் துவைக்கவே மாட்டாள்.

"அக்கா, அந்தக் கோட்டைக் கழட்டி வச்சா அது தானா நிக்கும்" என்பான் நோபல்.

"நிக்கட்டும். நீ மொதல்ல ஒரு எடத்துல உக்காரு."

சோதனை நாளன்று பேராசிரியர் அக்காவை அழைத்துவிட்டார். "செல்லக் கூட்டத்தை அளக்கற ரூமுக்கு மெதுவாக் கொண்டு வந்து ஊசி போட்டுரு" என்று நோபலிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவனும் கொண்டுவந்தான். கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிறீச்சிடும் தள்ளுவண்டியில், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் சொருகிக்கொண்டு.

"இல்ல மாமா, வேலை வெட்டி இல்லாம இல்ல! ஆராய்ச்சி! எலி மாமா, எலி! ஆமா, படிச்சதெல்லாம் இதுக்குத்தான்!"

மாமாவின் மேலிருந்த கோபத்தோடு ஒவ்வொரு எலியையும் வாலைப் பிடித்துத் தூக்கி ஊசி போட்டான்.

அக்கா திரும்பி வந்து, ஓட்டத்தை அளக்கும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். செல்லக் கூட்டம் குழாய்க் கூட்டத்தையே தோற்கடித்து ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றைச் சமாதானப்படுத்தக் கையை விட்டாள். அது கட்டைவிரலைக் கவ்வியது.

"மருந்துல ஏதோ கோளாறு" என்றான் நோபல்.

"உன் தலை."

"இல்லேன்னா கம்ப்யூட்டர்."

"மெஷின்னு சொன்னியே, மெஷின் கடிக்குமாடா?" என்று கட்டுப் போட்ட விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அதுங்களைக் கதிகலங்க வச்சிட்டு அப்புறம் மருந்து குடுத்திருக்கே. இப்ப ரெண்டு கூட்டமும் பயந்த கூட்டம். நான் எதை எதோட ஒப்பிடறது? உன்னையும் உங்க மாமாவையுமா?"

 

மீதமிருந்தது ஒரே ஒரு தொகுதி எலிகள். மாதக் கடைசியில் அக்காவின் ஆராய்ச்சியை எடைபோடத் தேர்வுக் குழு உட்காரும். அதற்குள் சரியான எண்கள் வராவிட்டால் அக்கா மூட்டை கட்ட வேண்டியதுதான். கட்டுப் போட்ட கையிலோ மருந்து நெடி. அந்தக் கையால் எலியைத் தொட முடியாது.

"குழாய்க் கூட்டத்தை இவன் பாத்துக்குவான்" என்று என்னைக் காட்டினாள். "செல்லக் கூட்டம் உன் பொறுப்பு. கெடுத்தே, உன்னைத்தான் குழாய்க்குள்ள அடைப்பேன்."

"நானா? சரிக்கா, மெஷினுக்குச் சர்வீஸ் பண்ற மாதிரி பண்ணிடறேன்" என்று முனகிக்கொண்டே போனான்.

சில நாள் கழித்து எலி அறைப் பக்கம் போனோம். வாசலில் தள்ளுவண்டி நின்றது. சக்கரத்தில் புது எண்ணெய். அதன்மேல் அணைத்துவைத்த போன். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தோம். அக்காவின் கோட்டு அவனுக்கு முழங்கையோடு நின்றுபோயிருந்தது, அக்குளில் தையல் விட்டிருந்தது. மடியில் ஒரு எலி முகம் கழுவிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"மூச்சு விடாதே. எலி பயந்துரும்."

உள்ளே நோபல் குனிந்து, எலியின் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்:

"ஒண்ணுமில்லடா தங்கம். மாமா இருக்கேன்ல."