துவைக்காத ஜெர்சி

எங்கள் சலவைக்கடைச் சுவரில் என் மாமனார் பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போனது ஒரே ஒரு வரி: வெள்ளை தனி, கலர் தனி. அவர் விட்டுப்போன சொத்து அந்த வரியும் இரண்டு பெரிய மிஷின்களும்தான். அதைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகியவர் என் வீட்டுக்காரர். அவரே அதை மீறுவார் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் உங்க பொழப்பப் பாருங்க" என்று விரட்டியிருப்பேன்.

கடையில் அவருக்குப் பட்டப்பெயர் சாம்பியன். எதையும் ஜெயித்து வாங்கிய பெயர் இல்லை. கோப்பை மேல் கோப்பையாகத் தூக்கிய ஒரு சிவப்புச் சட்டைக் கால்பந்து அணி, எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறது. அந்த நாட்டை மேப்பில் காட்டச் சொன்னால் இந்த மனிதர் தண்ணீரில் விரலை வைப்பார். ஆனால் அந்த அணி ஜெயித்தால் இவருக்குக் கால் தரையில் நிற்காது. அந்த அணியின் ஜெர்சி ஒன்றை வாங்கி வந்து, "ஒரிஜினல்டி, ஒரிஜினல்!" என்று கடை முழுக்கக் காட்டினார். வாங்கிய நாளிலிருந்து அந்த அணி தோற்கவில்லையாம். அதனால் தோற்கிற வரைக்கும் துவைக்கக் கூடாதாம். மேட்ச் நாளில் மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நாளில் பின்கட்டு ஆணியில் மாட்டிவைப்பார். ஊர் அழுக்கை எல்லாம் வெளுக்கிற கடையில் நாறிக்கொண்டிருந்த ஒரே துணி முதலாளியுடையது. இந்தக் கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

இஸ்திரி போடும் அண்ணன் நீலச் சட்டை அணிக்கு ஆள். அவருக்கும் இவருக்கும் காலையில் ஆரம்பித்தால் பெட்டி ஆறுகிற வரை சண்டை ஓயாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் நாத்தனார். அவள் சப்போர்ட் செய்வது நம் கையகல நாட்டின் அணியை. அதைச் சொன்னாலே எதிரிகள் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

"அதெல்லாம் ஒரு டீமா? போன தடவ ஏழு கோல் வாங்கிட்டு வந்தானுங்க. கோல்கீப்பர் பந்தப் பொறுக்கிப் பொறுக்கியே இடுப்பு ஒடிஞ்சு போயிருப்பான்" என்பார் இவர்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விடுங்க முதலாளி" என்று இஸ்திரி அண்ணன் ஒத்து ஊதுவார்.

நாத்தனார் அசரமாட்டாள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு இருக்கீங்களே, வெக்கமா இல்ல? உங்க ஆளுங்க ஜெயிக்கிறப்ப கூட நிக்கிறதுல என்ன பெரும? டீ கடையில இருக்கிற பல்லி கூடத்தான் அந்த மேட்ச்சப் பாக்குது. நீ கத்துறது அவங்களுக்குக் கேக்குமா அண்ணே? நான் கத்தினா எங்க கேப்டன் திரும்பிப் பாப்பாரு."

"கேலரியில ஆளே இல்ல, பின்ன திரும்பிப் பாக்காம?"

இவர் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மேட்ச் என்றால் மழையோ வெயிலோ, பையில் தண்ணீர் பாட்டிலும் கொடியுமாகக் கிளம்பிவிடுவாள். ஒரு தடவை கூட ஜெயித்து வந்ததாகச் சொன்னதில்லை. முகம் வாடி வந்ததும் இல்லை. எனக்கு அது ஒரு புரியாத ஆச்சரியமாகவே இருந்தது.

அந்த வாரம் நம் அணிக்குச் சொந்த மைதானத்தில் ஒரு தகுதிப் போட்டி வந்தது. அணியின் துணி துவைக்கும் மிஷின் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் நாத்தனார் நேராக அணி மேனேஜரிடம் போய் நின்றாள். "எங்க கடையில துவைச்சுத் தர்றோம் சார். புதுசு மாதிரி இருக்கும். நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் கல்யாணக் களை. மூட்டைக்குள் வெள்ளைப் பருத்திச் சட்டைகள். வசதியான அணிகள் போடும் வழவழப்புத் துணி இல்லை. இந்த மேட்ச்சுக்குப் போட நம் ஆட்களிடம் இருந்தது இந்த ஒரு செட்தான். இன்னொரு செட் பச்சை. எதிரணியும் பச்சை என்பதால் அதைத் தொட முடியாது.

"அண்ணி, இது பாழாச்சுன்னா நாளைக்கு இவங்க மைதானத்துக்குள்ளயே போக முடியாது. நான் இனிமே அந்தப் பக்கம் தலை காட்டவும் முடியாது. பாத்துக்கங்க" என்றாள்.

"அடிப்போடி, நாங்க பாக்காத துணியா?" என்றேன். ஒவ்வொரு சட்டையாகக் கறை பார்த்து, காலரில் சோப்புத் தேய்த்து, மிஷினில் போட்டுவிட்டுக் கல்லாவுக்கு வந்தேன். திரும்பிப் போய்க் கதவைத் திறந்ததும், "ஐயையோ!" என்று நான் போட்ட கூச்சலில் இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார்.

அத்தனை சட்டையும் ரோஸ். அதுவும் ஒழுங்கான ரோஸ் இல்லை. ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்குக் கையில், ஒன்றுக்கு நெஞ்சில் பாதி. இழுத்து இழுத்து வெளியே போட்டேன். கடைசியில் கையோடு வந்தது என் வீட்டுக்காரரின் சிவப்பு ஜெர்சி.

நாத்தனார் சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் நம்பரைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இத உள்ள போட்டது யாரு?" என்று நான் கேட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வாசலில் நின்ற சாம்பியன் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்."

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சுவத்துல எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? நீங்க வெளுக்கிறவரா, இல்ல வேடிக்க பாக்கிறவரா?"

"சாயம் போகும்னு தோணவே இல்லடி. ஒரு தடவ கூடத் துவைச்சதில்லையே. துவைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்." அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தோக்காத சட்ட. கூடச் சேந்து ஒரு முக்கு முங்கினா இவனுங்களுக்கும் கொஞ்சம் ராசி ஒட்டுமேன்னு..."

நாத்தனார்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு உன் டீமுக்கு செமி ஃபைனல். துவைச்சா ராசி போயிடும்னு அண்ணியக் கூடத் தொட விடமாட்டியே."

"அவங்களுக்கென்ன, நான் ஒருத்தன் இல்லேன்னா ஆள் பஞ்சமா? உலகமே கத்தும். இவனுங்களுக்கு யாரு இருக்கா? நீயும் உன் தண்ணி பாட்டிலும்தானே. ஏழு கோல் வாங்கின அன்னிக்கு நான் ரேடியோவுல கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒவ்வொண்ணுக்கும் அத அணைச்சு அணைச்சுப் போட்டேன். வெளிய சொன்னா சிரிப்பீங்க."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறேன். இந்த ரேடியோ விஷயம் எனக்கே தெரியாது.

நாத்தனார் எழுந்து மேனேஜருக்கு ஃபோன் செய்தாள். மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. "எங்க கையால பாழாயிடுச்சு சார்" என்று நேராகவே சொன்னாள். மேனேஜர் வந்து, சட்டைகளைப் பார்த்து, முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நான் கறை எடுக்கிற பவுடரைப் போட்டு ஒரு சட்டையை ஊறவைத்துப் பார்த்தேன். திட்டு வெளுத்தது, ஆனால் நம்பரின் ஓரம் உரிய ஆரம்பித்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

மேனேஜர் யார் யாருக்கோ ஃபோன் செய்தார். கடைசியில் நடுவரிடமே கேட்டார். "எல்லாம் ஒரே நிறமா இருக்கணும், எதிரணி நிறம் மாதிரி இருக்கக் கூடாது. அவ்வளவுதானாம். ஆனா இது ஒண்ணொண்ணும் ஒரு மாதிரியா இருக்கே, என்னம்மா பண்றது?" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தச் சிவப்பு ஜெர்சியைக் கையில் எடுத்தார். பிறகு கஞ்சி காய்ச்சுகிற அண்டாவைக் கழுவி அடுப்பில் ஏற்றச் சொன்னார்.

"அண்ணே, வேணாம்" என்றாள் நாத்தனார்.

"திட்டு திட்டா இருந்தாத்தான் கறை. ஒரே சீரா இருந்தா அதுவும் கலர்தான். உப்ப எடு, சாயம் பிடிக்கட்டும்."

கொதிக்கிற தண்ணீரில் அந்த ஜெர்சியைத் தானே போட்டார். துவைக்கவே விடாத மனிதர், நின்று அதைக் கட்டையால் புரட்டிப் புரட்டி வேகவைத்தார். சாயம் என்றால் அப்படி ஒரு சாயம். கிண்டக் கிண்ட வந்துகொண்டே இருந்தது.

இஸ்திரி அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "முதலாளி, ஒரிஜினல்னு சொன்னீங்களே?"

"வாய மூடிட்டுச் சட்டைய எடுய்யா."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜரும் சிரித்துவிட்டார். போலி ஜெர்சியாக இருந்ததால்தான் அன்று பிழைத்தோம். ஒவ்வொரு சட்டையாக நனைத்து, இறக்கி, புரட்டி, நிழலில் உலர்த்தினோம். ஒன்றின் கையை இன்னொன்றின் முதுகோடு வைத்து வைத்துப் பார்த்தோம். பளிச்சென்று ஒரே ரோஸ். இஸ்திரி அண்ணன், தன் ஆயுளில் எந்த மாப்பிள்ளைச் சட்டைக்கும் போடாத மடிப்பாகப் போட்டுக் கொடுத்தார். நாத்தனார் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "ஊரே சிரிக்கப் போகுது அண்ணி. அவங்க மானம் என் கையில போச்சு" என்றாள்.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு நானும் அவளோடு போனேன். வழியெல்லாம் டிவிக்களில் அந்த செமி ஃபைனல்தான். கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் மைதானத்தில் மருந்துக்குத்தான் ஆள். இவரைக் காணோம். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், பாவம், பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஆட்கள் ரோஸ் சட்டையில் வெளியே வந்ததும் எதிர்ப்பக்க கேலரியில் ஒரே கெக்கலிப்பு. "பாப்பா டீம்டா!" என்று ஒருவன் கத்தினான். நாத்தனார் கொடியால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தார் என் வீட்டுக்காரர். உடம்பில் அதே ஜெர்சி. வெந்து சுருங்கி, தொப்புளுக்கு மேலே நின்றது. சிவப்பெல்லாம் போய் ரோஸாகியிருந்தது, மைதானத்தில் நின்ற பதினொரு பேர் மாதிரியே. கோல்கீப்பருக்கு மட்டும் மஞ்சள் என்பதால் பத்துப் பேர் என்று நாத்தனார் பிறகு என்னைத் திருத்தினாள்.

"தள்ளி உக்காரு" என்றார் அவளிடம்.

அவள் கொடியை முகத்திலிருந்து எடுத்தாள்.

எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் உழைப்பைப் பார்த்தால் தெரியும். நம் கேப்டன் பகலில் தபால் கொடுக்கிறவராம். கோல்கீப்பர் டயர் கடையில் வேலையாம். வேலை முடித்து வந்து பயிற்சி எடுக்கிற கால்கள் அவை. எதிரணிக்காரர்கள் ஆளுக்கொரு கம்பம் மாதிரி இருந்தார்கள். சீக்கிரமே ஒரு கோல் போட்டார்கள். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன். நம் ஆட்கள் அப்படி நினைக்கவே இல்லை. விழுந்தவன் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பொடியன், தன்னைப் போல இரண்டு மடங்கு இருந்தவனிடம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். கைதட்ட ஆளில்லாத இடத்தில் உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் என் தொண்டையே போய்விட்டது, அவ்வளவு கத்தினேன்.

முடியப் போகிற சமயத்தில் அந்தப் பொடியன் தூக்கிப் போட்ட பந்தை, தபால்காரர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கோல்! என் வீட்டுக்காரர் தங்கையைக் கட்டிக்கொண்டு குதித்தார். கேப்டன் நேராக எங்கள் பக்கம் ஓடிவந்தார். தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பிறகு விரலை நீட்டி என் வீட்டுக்காரரின் சட்டையைக் காட்டினார். சிரித்தபடி நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். தொப்பை தெரிய நின்ற மனிதர், குழந்தை மாதிரி அழுதார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேனேஜர் வேலி ஓரம் வந்து நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"வெள்ளையே வேணாங்கிறாங்கம்மா பசங்க. அடுத்த மேட்ச்சுக்கும் இதே சட்டைதானாம். நீதான் துவைக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தின நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

திரும்பி வருகிற வழியில் இஸ்திரி அண்ணன் ஃபோன் செய்தார். சிவப்புச் சட்டை அணி தோற்றுவிட்டதாம். சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. இவர் "அப்படியா, சரி" என்றுவிட்டு ஃபோனை வைத்தார்.

மறுநாள் காலையில் பின்கட்டுக்குப் போனேன். அந்த ரோஸ் ஜெர்சி பழைய ஆணியில், வியர்வை உலர்ந்து, குப்பென்று நாறிக்கொண்டு தொங்கியது. தோற்றால் துவைக்கலாம் என்பதுதானே பேச்சு? அப்பாடா, இன்றோடு விட்டது சனியன் என்று கையை நீட்டினேன்.

"ஏய், அதத் தொடாத!" என்று பாய்ந்து வந்தார். "நம்ம பசங்க தோக்கட்டும், அப்புறம் துவைக்கலாம்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். வழக்கமாக நம் பசங்களுக்குத் தோற்க ஒரு வாரம் போதும். ஆனாலும், இந்த நாற்றம் இந்த வீட்டை விட்டுப் போகவே வேண்டாம் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.