கழுத்து நார்

எலும்பு வேண்டாம், நார் வேண்டாம், சவ்வைப் பார்த்து எடுத்துப்போட்டு அரை இறாத்தல் தா என்று கேட்கிறவர்களையே முப்பது வருடமாகக் கண்டு பழகியவர் அபூதாஹிர். கிண்ணியாத் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய மாட்டிறைச்சிக் கடை. அறுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, குடையை மடக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்ற பெண் கேட்டது அவருக்குப் புதிதாக இருந்தது.

“இறைச்சி வேண்டாம் காக்கா. நீங்கள் வெட்டி எறியிறதுகள்தான் வேணும். நார், சவ்வு, மூட்டு, காது, கொழுப்பு. ஏலுமெண்டால் ஒரு போத்தலில கொஞ்சம் ரத்தம்.”

சூனியம் கீனியம் செய்கிற ஆளோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். நெற்றியில் திருநீறு. சைவச் சாப்பாட்டுக்காரி என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோகாமல், கொக்கியில் தொங்கிய தொடையைக் கூர்ந்து பார்த்தபடி நின்றாள்.

“நான் கமலாதேவி. உங்கட மகள் ஜெஸீமாவுக்கு விலங்கியல் படிப்பிக்கிறது நான்தான்.”

அபூதாஹிர் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞான வகுப்பு அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள், அதில் நான்கு பெண்கள். வகுப்புக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. வருட நடுவில் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். செய்முறைப் பாடம் நடக்கவில்லை என்று எழுதினால் வகுப்பு மூடப்படும். பொடியன்மார் துறையைக் கடந்து பட்டணத்துக்குப் போய்ப் படிப்பார்கள். பெண்பிள்ளைகளின் படிப்பு அந்தக் கரையோடு நின்றுவிடும். வீட்டில் என்ன நடக்கும் என்று அபூதாஹிருக்கு நன்றாகத் தெரியும். மனைவி றுக்கியாவின் கூடப்பிறந்த காக்கா ஏற்கெனவே மூதூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

“எண்ட கையில இருக்கிறது ஒரு இங்கிலீசுப் புத்தகமும் வெண்கட்டியும்தான்,” என்றாள் கமலாதேவி. “தொடுப்பிழையம் எண்டு ஒரு பாடம். உடம்பைக் கட்டி, தாங்கி, இடைவெளியை நிரப்பி வச்சிருக்கிறது அதுதான். கரும்பலகையில கீறிக் காட்டினால் அதுகள் கோட்டைத்தான் படிக்கும்.”

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அபூதாஹிர் விடிந்ததும் விடியாததுமாகக் கழிவுத் துண்டுகளோடு அலுமினியச் சட்டி ஒன்றைப் பள்ளிக்கூடத்துப் பின்கதவில் வைத்துவிட்டு, மணியடிக்க முன்னரே திரும்பிவிடுவார். பிள்ளைகள் கண்ணில் படவேண்டாம் என்று அவராகத்தான் நினைத்தார். வகுப்பில் சேர்க்கிறபோது ஜெஸீமா நிரப்பிக் கொண்டுவந்த படிவத்தில், தகப்பனின் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று இருந்தது. பிழையொன்றும் இல்லை. விற்கத்தானே செய்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த தொழில்தான். ஆனாலும் இறைச்சிக் கடை என்ற சொல்லை மகள் தவிர்த்ததை அவர் கவனிக்காமல் இல்லை.

ஆனால் சட்டி போகத் தொடங்கிய பிறகு பின்னேரங்களில் அவள் குசினி வாசலில் வந்து அவரோடு குந்திக்கொள்ளத் தொடங்கினாள். அவர் இன்ன துண்டு என்பார், அவள் அதற்குப் பெயர் சொல்வாள். சதையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது இணையநார். காதிலும் மூச்சுக்குழலிலும் வளைந்து கொடுப்பது கசியிழையம். கொழுப்பும் தொடுப்பிழையம், எலும்பும் தொடுப்பிழையம். இதுவரைக்கும் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“ரத்தமும் அதுதான் வாப்பா.”

“ரத்தமா? ஓடுற சாமான் எதைக் கட்டும்?”

“கட்டுறது மட்டுமில்ல. இந்த இழையத்துல உசிருள்ள குட்டிக் கலங்கள் கொஞ்சமாத்தான் கிடக்கும். அதுகளுக்கு நடுவுல தாயம் எண்டு ஒண்டு நிறைய இருக்கும். எலும்புல அந்தத் தாயம் கல்லு மாதிரி. கசியிழையத்துல கெட்டியான பசை மாதிரி. ரத்தத்துல தண்ணி. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அபூதாஹிர் அதை இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டினார். பிறகு அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். மாட்டின் பிடரியில் தலையிலிருந்து முதுகுவரை மஞ்சளாக ஒரு வார் ஓடும்; அது எத்தனை மணித்தியாலம் அடுப்பில் கிடந்தாலும் அவியாது; அதனால்தான் அதை வெட்டி எறிகிறது. ஜெஸீமா அன்றே சோதித்தாள். ஒரு பானையில் கால் நாண், மறு பானையில் கழுத்து வார். விறகை வீணாக்குகிறார்கள் என்று றுக்கியா சத்தம் போட்டாள். மூன்று மணித்தியாலத்தில் கால் நாண் கரைந்து சூப்பு விரலில் ஒட்டியது. கழுத்து வார் போட்டபடியே கிடந்தது. ஜெஸீமா கொப்பியில் எழுதிய எழுத்து அன்று வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஆனி மாதத்தில் அதிகாரி வந்தார். கனகசுந்தரம் என்று பெயர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு. கண்டிப்பானவர் என்று முன்னரே கதை வந்திருந்தது. அன்றைக்குப் புதுத் துண்டுகள் வேண்டுமென்று கமலாதேவி சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து மாடு வர நேரமாகிவிட்டது. அபூதாஹிர் தேக்கிலையில் பொதி கட்டிக்கொண்டு ஓடிவந்தபோது பத்து மணி. இரத்தம் தெறித்த சாரனோடு உள்ளே போவதெப்படி? ஆய்வுகூடத்து ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றார். பொதியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றும் யோசித்தார்.

உள்ளே, துண்டுகளை மருந்தில் ஊறப்போட்ட ஜாம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. கனகசுந்தரம் ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மூடியைத் திறந்து இடுக்கியால் துண்டை எடுத்து இழுத்தும் பார்த்தார்.

“மீள்தன்மையுள்ள இணையநார் எண்டு எழுதியிருக்கு. இணையநார் வெள்ளையாத்தான் இருக்கும் ரீச்சர். இது பழசாகி மஞ்சளாப்போன துண்டு. இழுபடவும் இல்லை.”

“போமலினில கிடந்து விறைச்சுப் போச்சு சேர்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. நீங்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறியள். சாமானைப் பார்த்து எழுதேல்லை.”

அதிகாரி பேனையைத் திறந்தார். முப்பது வருடமாக அபூதாஹிர் தன் கையால் வெட்டிய வார் அது. அது தெரியாத மனிதன் ஒருவன் அதைப் பற்றி எழுதப்போகிறான். உள்ளே போய்ச் சொல்லக் கால் வரவில்லை.

வாங்கில் ஜெஸீமா எழுந்து நிற்பது தெரிந்தது.

“சேர், அது கெட்டுப்போன துண்டில்ல. புதுத் துண்டு ஜன்னலுக்கு வெளிய இருக்கு. எங்கட வாப்பா கொண்டுவந்து நிக்கிறாரு. அவரு மாட்டிறைச்சிக் கடை வச்சிருக்கிறாரு.”

எல்லாத் தலைகளும் திரும்பின. அபூதாஹிர் சாரனை இறக்கிவிட்டுக்கொண்டார். மகளின் குரல் சற்றும் தழுதழுக்கவில்லை. கழுத்து நிமிர்ந்து நின்றது.

“உள்ள வாங்கோ,” என்றார் கனகசுந்தரம்.

செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய், மேசையில் தேக்கிலையை விரித்தார். மஞ்சள் வார் ஈரமாகப் பளபளத்தது. அதிகாரி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது நீண்டது, இன்னும் நீண்டது, கை நழுவிச் சடாரென்று சுருங்கிச் சேட்டுக் கையில் இரண்டு சொட்டுத் தெறித்தது. அவர் சேட்டைப் பார்த்தார். வாரைப் பார்த்தார். மறுபடி இழுத்தார்.

“வெள்ளை நார் அவிச்சாக் கரைஞ்சு பசையாகிப் போகும் சேர்,” என்றாள் ஜெஸீமா. “மஞ்சள் நார் கரையாது. எங்கட வீட்டுக் குசினியில மூணு மணித்தியாலம் அவிச்சுப் பாத்தம்.”

“ஆர் சொல்லித் தந்தது?”

“நார் வாப்பாக்குத் தெரியும். பேர் நான் சொல்லிக் குடுத்தன்.”

கனகசுந்தரம் அபூதாஹிர் பக்கம் திரும்பினார். “மாட்டுக்குப் பிடரியில இப்பிடி ஒண்டு என்னத்துக்கு?”

இப்படி ஒரு கேள்வியை இதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

“நாள் முழுக்கக் குனிஞ்சு மேயிற சீவன் ஐயா. தலை நல்ல பாரம். ஒவ்வொரு தரமும் சதையாலயே தூக்குறதெண்டா களைச்சு விழுந்திடும். குனியக்குள்ள இது இழுபடும். நிமிரக்குள்ள இதுவே தலையத் தூக்கிக் குடுக்கும்.”

அதிகாரி பேனையை மூடி, திரும்பவும் திறந்து, கொப்பியில் நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று அன்று தெரியவில்லை. போகும்போது கமலாதேவியிடம், “அந்தப் போத்தலில பேரை மாத்தவேண்டாம்,” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு ஒரு கிழமை கடைக்கு வந்தவர்கள் பாடம் கேளாமல் இறைச்சி வாங்க முடியவில்லை. “இது நாரில்ல, தசைநாண்,” என்று தொடங்கிவிடுவார். துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முத்தலிப், “எனக்கு நேரமில்ல காக்கா, தொடுப்பில்லாமத் தாங்க,” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். அபூதாஹிரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அது எங்கே எதைத் தாங்குகிறது என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆவணியில் கடிதம் வந்தது. வகுப்புக்கு அனுமதி. கடிதத்தின் பின்னாலேயே, வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டியில் ஒரு நுணுக்குக்காட்டி வந்து இறங்கியது. மூதூர் மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பேச்சு முடிந்தது. றுக்கியாவின் காக்கா இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கமலாதேவி ஆளனுப்பிக் கூப்பிட்டபோது அபூதாஹிர் குளித்து வெள்ளைச் சாரன் உடுத்து முன்வாசலால் போனார். தோலுரிக்கிறபோது கத்தி படாமலே விரலுக்கு விலகுமே, சிலந்தி வலைபோல ஒரு சவ்வு, அதில் நகமளவு எடுத்துச் சாயமிட்டுக் கண்ணாடித் தகட்டில் பரப்பி வைத்திருந்தாள்.

“ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ காக்கா.”

முதலில் மங்கல். பிறகு ஜெஸீமாவின் கை எதையோ திருப்பியதும் தெளிந்தது. குறுக்கும் நெடுக்குமாக இளஞ்சிவப்பு நூல்கள். சில தடித்து அலையலையாய், சில மயிரிழையாய்க் கிளை பிரிந்து. நடுவில் அங்குமிங்கும் நீலப் புள்ளிகள்.

“அந்த ரெண்டு பக்கமும் கூரான புள்ளி தெரியுதா வாப்பா? நாரரும்பர். அதுதான் இந்த நூலெல்லாம் செய்யிறது. பெரிசா, வடிவில்லாமக் கிடக்கிறது ஊத்தையையும் கிருமியையும் விழுங்குற கலம். மோதிரம் மாதிரி இருக்கிறது கொழுப்பு.”

“இத்தனை நூலையும் இந்தச் சின்னப் புள்ளியா?”

“ஓம் வாப்பா.”

அவருக்குப் பின்னால் பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அபூதாஹிர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்தே நின்றார். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு நூலின் தலைப்பைக் கண்ணால் பிடித்து, அது எங்கே போய் முடிகிறதென்று மெல்ல மெல்லத் தொடர்ந்துகொண்டிருந்தார்.