கங்கா, தகப்பன் பெயர் கங்கா

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சிரித்த ஒரு சிரிப்பில்தான் இந்தக் கதை பிறந்தது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் வாத்தியார். எப்போதாவது ஞாயிறு பத்திரிகையில் என் கதை ஒன்று வரும், அவ்வளவுதான் நம் கீர்த்தி. அந்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பதிகிற வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். நவமணி என்ற பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பிறப்புச் சூராவை நீட்டினாள். (சூரா என்றால் பத்திரம். மலாய்க்காரர்களிடம் கடன் வாங்கிய சொல், திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் எங்களுக்கு இல்லை.)

பிள்ளையின் பெயர் கங்கா. தகப்பன் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தேன். அங்கேயும் கங்கா.

“என்னாம்மா இது? பொண்ணும் கங்கா, அப்பனும் கங்காவா?” என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “அப்படியே எழுதிக்குங்க சார்,” என்றாள்.

“எப்படிம்மா எழுதறது? இத திருத்தணும்லா.”

“வேணாம் சார். திருத்தாதீங்க.”

சிறுமி சன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். “கங்கா, இங்க வா,” என்று கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டும் முதுகுதான் தெரிந்தது. குறிப்பேட்டில் ‘காது கேட்கிறதா, பார்க்க வேண்டும்’ என்று எழுதி வைத்தேன்.

2.

தொடங்கிப் பார்த்த தொடக்கங்கள்:

‘கெர்லிங்கில் ஒரு பெண் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரங்குகளுக்குக் கடலை—’

(நிறுத்தினேன். கெர்லிங்கில் குரங்குக்குக் கடலை வாங்கிப் போட யார் வரப்போகிறார்கள்? ஊரை மாற்றினால் அவள் தொழிலையும் மாற்ற வேண்டும். தொழிலை மாற்றினால் அவளே இல்லை.)

‘ரவாங்கில், தொழிற்சாலை வேனில் இருந்து இறங்கிய—’

(ரவாங் கூடவே கூடாது. ஏன் என்று நாலாம் பகுதியில் தெரியும்.)

ஊரை ஏன் மாற்றப் பார்க்கிறேன்? பயம்தான், வேறென்ன. இதை ஒருவன் படித்துவிடக் கூடாது. அவன் ஞாயிறு பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். பிறகு யோசித்தேன். இந்த ஊர் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியக் காரணமாக இருந்த மகானுபாவன் நானேதான். ஆகவே ஊர் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அவன் பெயரை எழுத மாட்டேன். பெயர் வர வேண்டிய இடத்தில் [      ] என்று ஒரு காலிக் கட்டம் போடுகிறேன். சூராவில் கிடைக்காத கட்டத்தை இங்கே தருகிறேன், ஆனால் காலியாக.

3.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கோலசிலாங்கூர்க் குன்றின் மேல் பஸ்கள் வந்துவிடும். மேலே கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், மரத்துக்கு மரம் சாம்பல் நிறக் குரங்குகள். கோலாலம்பூரில் இருந்து வருகிறவர்கள் பீரங்கி மேல் பிள்ளையை உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். பிறகு நவமணியிடம் வருவார்கள். அவள் மரத்தடியில் ஒரு பலகை போட்டு அவித்த கடலை, வாழைப்பழம், கட்டுக்கட்டாகப் பயத்தங்காய் வைத்திருப்பாள்.

தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதால் வருகிறவர்களின் கால்கள்தான் அவளுக்கு முதலில் தெரியும். [      ] உடைய இடது பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். செம்பனைக் குலை விழுந்த கால் அது. எந்தக் கால் வந்தாலும் அந்த நகம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். சிலிப்பர் போட்டு வருகிறவர்களிடம் அவளுக்குப் பயம் இல்லை, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். விரலை மறைக்கிற சப்பாத்து போட்டுக்கொண்டு வருகிறவன்தான் வில்லங்கம். அவன் முகத்தைப் பார்க்கிறவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை ஜோடி சப்பாத்து வரும் என்று நினைக்கிறீர்கள்?

ஒளிந்துகொள்ள இதைவிட மோசமான ஊர் இல்லை. பஸ் டிக்கெட் வாங்க முடிந்த யாரும் வரலாம், வந்து நிற்கலாம், யாரையும் உற்றுப் பார்க்கலாம். அதற்குத்தானே வருகிறார்கள். அப்படியானால் ஏன் இங்கே வந்தாள் என்று ஒருநாள் கேட்டேன்.

“தோட்டத்துல புதுசா ஒரு பொம்பள வந்தா பத்து பேரு புருசன் எங்கன்னு கேப்பாங்க சார். இங்க யாரும் கேக்கல. கடல எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க.”

கங்கா அவளுக்குப் பின்னால், கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். அது அம்மா போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. அதை நவமணியே பிறகு சொன்னாள்.

“அவளுக்குக் காதெல்லாம் நல்லா கேக்கும் சார். பின்னால நின்னு யாரு பேர சொல்லி கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். முன்னால வந்து, மொகத்த பாத்து கூப்பிட்டா வருவா.”

ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரைக் கேளாதது போல் இருக்கக் கற்றுக் கொடுத்திருந்தாள். 

4.

சூரா விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வடக்கே, சபாக் போகிற வழியில் ஒரு தோட்டம். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் நவமணி தனியாகப் பதியப் போனாள். [      ] வரவில்லை. பெண் பிள்ளைதானே என்று இருந்துவிட்டான். மேசையில் இருந்த மலாய்க்காரர் நல்ல மனிதர், மின்விசிறியைக் குழந்தை பக்கம் திருப்பி வைத்தார்.

“நாமா அனாக்?” என்று கேட்டார். நாமா என்றால் பெயர், அனாக் என்றால் பிள்ளை. இந்த இரண்டும் நவமணிக்குத் தெரியும்.

“கங்கா.”

எழுதினார். பிறகு கேட்டார்: “நாமா பாப்பா?”

மலாயில் பாப்பா என்றால் அப்பா.* நவமணிக்கு அது தெரியாது. அவளுக்குப் பாப்பா என்றால் மடியில் கிடப்பது. இப்போதுதானே சொன்னேன், மனுசனுக்குக் காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: “கங்கா!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கங்கா?”

“ஆமாலா. கங்கா, கங்கா!”

தமிழர்கள் பெயர் இப்படியும் இருக்கும் போல என்று அவர் எழுதிவிட்டார்.

(* மலாய் வாசகர் கோபிக்க வேண்டாம். உங்கள் உச்சரிப்பு வேறு என்று எனக்குத் தெரியும். நவமணியின் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.)

மூன்று வருடம் இதை யாரும் கவனிக்கவில்லை. [      ] உடைய அக்காள் லீலாவதி ரவாங்கில் இருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. தம்பி அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான், கங்காவைத் தருகிறேன் என்று. நவமணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நமக்கு அடுத்தது பொறக்கும்லா,” என்றான். தத்து எழுதப் போன இடத்தில் சூராவைப் பார்த்துவிட்டு, இந்தக் காகிதப்படி நீ பிள்ளைக்கு யாருமே இல்லை, முதலில் அம்மாவையும் கூட்டிவந்து இருவரும் கையெழுத்துப் போட்டுத் திருத்து என்று திருப்பி அனுப்பினார்கள்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து கேட்டான்: “எவன்டி அந்தக் கங்கா?”

அன்றைக்கு விழுந்த அடியை நான் எழுதப் போவதில்லை. எழுதிப் பார்த்தேன், எழுதுகிற எனக்கே அதில் ஒரு ருசி வருவது போல இருந்தது, கிழித்துவிட்டேன். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு நவமணி பிள்ளையையும் சூராவையும் எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் பஸ்ஸில் ஏறினாள். ஒரு விஷயம் அவளுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. அந்தத் தப்பு காகிதத்தில் இருக்கிறவரை பிள்ளை அவளுக்குத்தான்.

5.

லீலாவதியை அரக்கியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவள் தையல்காரி. கங்காவுக்கு எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துமதிப்பாக ஒரு கவுன் தைத்து, கொடுக்க ஆளில்லாமல் பெட்டியில் வைத்திருந்தாளாம். இதைக் கேட்ட பிறகு அவளை எப்படித் திட்டுவது?

குன்றில் இருக்கிற குரங்குகளின் குட்டி பிறக்கும்போது நல்ல மஞ்சளாக இருக்கும். பெற்றவள் மடியில் ஒரு நிமிடம் இருக்காது. சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று கைமாறிக்கொண்டே இருக்கும். பெற்றவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். (இந்த இடத்தில் ஒரு உவமை எழுதத் துடிக்கிறது கை. வேண்டாம். நவமணி இதைப் பார்க்கும்போதெல்லாம் கங்காவின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொள்வாள் என்பதோடு விடுகிறேன்.)

இனி என் யோக்கியதை.

பிழை திருத்துவது என் தொழில். கடைச் சுவரில் ஒற்றுப் பிழை இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கதை எதுவும் தெரியாத அந்த முதல் வாரத்தில், பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, நவமணியின் பழைய தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்த ஐயாவு என்பவனுக்கு ஒரு கடிதம் போட்டேன். தோட்டத்தின் பெயர் சூராவிலேயே இருந்தது. ஐயாவு என்னோடு படித்தவன். ‘மேற்படி கங்காவின் தகப்பனார் பெயரைச் சரியான எழுத்துடன் தெரிவிக்கவும். பிள்ளை எங்கள் பள்ளியில் சேர்கிறது’ என்று எழுதினேன். கீழே பள்ளியின் முத்திரையையும் குத்தினேன்.

பிறகுதான் நவமணி எல்லாம் சொன்னாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. பதிலும் வரவில்லை, கடிதம் எங்கோ தொலைந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். புது ஆண்டு ஜனவரியில் கங்கா என் வகுப்புக்கே வந்தாள். இரண்டாம் வரிசை, சன்னலோரம்.

6.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பசியாறும் மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. வகுப்பின் பின்வாசலில் ஒருவன் வந்து நின்றான். தலையைப் படிய வாரியிருந்தான். கையில் பிஸ்கட் டின். சப்பாத்து போட்டிருந்தான்.

“வணக்கம் சார். கிராணியாரு குடுத்தாரு. நீங்க எழுதனதுதானே?”

மடித்த கடிதத்தை விரித்துக் காட்டினான். அந்தத் தூரத்திலும் என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. ஒரு பிழை இல்லாத கடிதம்.

“ரொம்ப நன்றி சார். மூணு வருசமா தேடறேன். அப்பன் பேரு இல்லாம ஒரு பொண்ணு படிக்கலாமா, நீங்களே சொல்லுங்க. பிள்ளைய கூட்டிக்கிட்டு, அவ அம்மாவையும் பாத்து, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்லா.”

எவ்வளவு நியாயமாகப் பேசினான்! அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“இதுல எது சார் கங்கா?” என்றான். பிறகு அவனே கூப்பிட்டான், செல்லமாக: “கங்கா... கங்காம்மா...”

பத்தொன்பது பிள்ளைகள். பதினெட்டு பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். ஒருத்தி திரும்பவில்லை.

ஐயோ, அம்மா போட்ட சட்டமே காட்டிக் கொடுத்துவிடுமே! நல்லவேளை, அவன் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவரில் இருந்த நாள்காட்டியை வெறித்தேன். சன்னலோரத்தில் இருந்து இரண்டு கண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் முன்னால் நிற்கிறவன். நான் கூப்பிட்டால் அவள் எழுந்துவிடுவாள்.

“சரி சார்,” என்றான் [      ]. “நீங்களே கூப்பிடுங்க.”

7.

முடிவுகள்.

(அ) ‘இன்னைக்கி கங்கா வரல’ என்று பொய் சொன்னேன். ஆனால் வருகைப் பதிவேடு மேசை மேல் விரித்தபடி கிடந்தது. அவன் நடந்து வந்து, விரலை வைத்து வரி வரியாக—

(ஆ) வேறொரு சிறுமி எழுந்து ‘நான்தான் கங்கா’ என்றாள். (இது சினிமாவில் நடக்கும். வெட்டிவிட்டேன்.)

(இ) என் கண் ஒரு கணம் சன்னல் பக்கம்—

இவற்றில் ஒன்று நடந்தது. அல்லது நாலாவதாக ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்கள் எந்த வழியாகப் போனார்கள், யார் வண்டி கொடுத்தார்கள் என்றெல்லாம் வரும். இதை எழுதுகிற இன்றுவரை கங்கா அம்மாவிடம்தான் இருக்கிறாள். இது மட்டும் நிச்சயம். குன்றில் அந்த மரத்தடி காலியாக இருக்கிறது.

[      ], நீ படிக்கிறாய் என்று தெரியும். கதையில் ஒரு தடயமாவது கிடைக்கும் என்று இரண்டாம் தடவை படிப்பாய். நானும் அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு வரியையும் எழுதினேன். பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், மற்றவர்களுக்காக.

மற்ற வாசகர்களே, முடிவு இனி உங்கள் கையில் இருக்கிறது. நிஜமாகவே. உங்கள் ஊருக்கும் ஒருவன் வருவான், பிஸ்கட் டின்னோடு, மரியாதையாகப் பேசிக்கொண்டு. உங்கள் பள்ளிக்கு ஒரு பெண் தப்பான சூராவோடு வரலாம். சிரிக்காதீர்கள். யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள். பாசாரிலோ பஸ் நிலையத்திலோ உங்கள் பின்னால் நின்று ‘கங்கா’ என்று ஒருவன் செல்லமாகக் கூப்பிட்டால், அவள் எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்தாலும், அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். அவன் உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

(அச்சுக் கோப்பவருக்கு: தலைப்பில் தகப்பன் பெயர் தவறாக விழுந்திருப்பது போல் தோன்றும். தயவுசெய்து திருத்த வேண்டாம்.)