சறுக்குக்கட்டைக்கு அடியில் நான்கு கழிகள்

...ஒரே ஒரு தப்பு, அதைக் காட்டட்டும், வேறென்ன கேட்டுவிட்டார் வால்டர் ஹ்ரிஞ்சுக், நாற்பத்து மூன்று குளிர்காலம் இந்த உறைந்த ஏரியில் விமானத்தை ஏற்றி இறக்கியவரைப் பார்த்து, "அப்பா, இந்த வருஷத்தோட போதும், இனி நான் ஓட்டறேன்" என்று பெற்ற மகளே சாப்பாட்டு மேசையில் சொல்வதா... கொட்டகை வாசலில் எழுதியிருப்பது யார் பேர்? இருக்கிற இரண்டு விமானமும் மகள் டாரியாவைவிட வயதில் மூத்தவை, அவற்றை விற்கச் சொன்னவன் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டான், இந்த பீவர் விமானம் இன்னும் பறக்கிறது, அவரும் பறக்கிறார். "ஒரு தப்பு காட்டுடி, அன்னைக்கே இறங்கிடறேன், இல்லேன்னா பேசாம சாப்பிடு" என்றார், அவள் தலை குனிந்து கொழுக்கட்டையைப் பிய்த்தாள், தப்பு இருந்தால்தானே காட்டுவாள்?

இதோ, மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக் குளிரில் முதல் உறுமலிலேயே வழுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது, பின்னால் வடக்குக் கிராமத்துக்கான தபால் மூட்டைகள், முட்டைப் பெட்டிகள்... நேற்று முளைத்த பைலட்டுகள் சக்கரத்துக்குப் பதிலாக மாட்டிய சறுக்குக்கட்டையைப் பனிமேல் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், அது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், விடிந்ததும் சுத்தியலும் கையுமாக ஊர் சிரிக்க நிற்பார்கள், சாயங்காலமே ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் கழி கொடுக்கத் தெரியாத பயல்கள். காற்றுக்கு எதிராகத் திருப்பியபோது, பீவர் நின்றிருந்த இடத்தில் நான்கு கழிகள் கிடந்தன, பனி மூடியிருந்ததால் காலையில் கண்ணில் படவில்லை. நம் கழிகள்தான்... நேற்று இறங்கியதும் முழங்கால் வலி உயிரை வாங்கியது, எஞ்சினுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு நேரே வீட்டுக்கு... ஜாக்கியை எப்போது எடுத்தேன்? எடுக்கவில்லையே. முந்தாநாள்? அதற்கு முந்தின நாள்? கொட்டகையிலிருந்து சின்னக் காலடித் தடங்கள், போயும் வந்தும், ஒரு நாள் தடமா அது, பாதையே விழுந்திருக்கிறது.

ரேடியோவில் டாரியா. "அப்பா, காத்து மேற்கேர்ந்து அடிக்குது, கிளம்புங்க."

"கழி யாரு வச்சது?"

"முட்டை உறைஞ்சிடும்பா. கிளம்புங்க."

கேட்டேனே, மேசையில் கையைத் தட்டிக் கேட்டேனே, வாய் நிறையப் பதில் வைத்துக்கொண்டா கொழுக்கட்டையைப் பிய்த்தாய்... "இறங்க மாட்டேன்டி!" என்று கத்தினார். ரேடியோவின் பேசும் பொத்தானை அவர் அழுத்தியிருக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை நாளாகக் கழி வைக்கிறாள்?