முதுகைக் காட்டிப் போடும் கணக்கு

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவள் என் கணவரின் அக்கா. கல்யாணத்தன்றே என் காதுபடவே, இவளுக்கெல்லாம் யார் நர்ஸ் வேலை கொடுத்தார்கள் என்று கேட்டவள். அவளும் நர்ஸ்தான். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டுக்கே மாற்றலாகி வந்து சேர்ந்தாள். வீட்டில் படுவது போதாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வார்டில் ஒரு விதி உண்டு. ஆபத்தான மருந்து என்றால் இரண்டு நர்ஸ்கள் முதுகைக் காட்டி நின்று தனித்தனியே கணக்குப் போட வேண்டும். விடை ஒத்துப்போனால்தான் கையெழுத்து. முதலில் குப்பியில் இருப்பதைப் படிக்க வேண்டும். பிறகு ஒரு கிலோவுக்கு இத்தனை என்பதைக் குழந்தையின் எடையால் பெருக்க வேண்டும். ஊசியில் ஏற்ற வேண்டிய அளவை எக்ஸ் என்று வைத்து, விகிதம் எழுதி, குறுக்கே பெருக்கி, வகுக்க வேண்டும். நான் ஒரு படியைத் தாண்டினால், "இந்த எண் என்ன வானத்துல இருந்து குதிச்சுதா?" என்பாள். அவள் விகிதத்தைத் தலைகீழாக எழுதிய அன்று நானும் வார்டுக்கே கேட்கும்படி சிரித்தேன். ஒருத்தியின் தப்பைப் பிடிக்க மற்றவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தோம்.

இந்தக் கண்றாவியைப் பொறுக்க முடியாமல் போன வாரம் மாமியார் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசினார். அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறுநாள் வார்டில் எனக்கு டீ வாங்கி வைத்திருந்தாள். நான் அவளை வாய்க்கு வாய் அக்கா என்றேன். கூட வேலை பார்ப்பவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று மதியம் ஒரு பெண் குழந்தைக்கு ஊசி போட வேண்டியிருந்தது. எடை பத்து கிலோ. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம், ஆக நூற்றைம்பது. அளவு மீறினால் காது போய்விடும் மருந்து அது. அவள் கணக்கை எழுதி என்னிடம் நீட்டினாள். இரண்டு மில்லியில் இருநூற்றைம்பது மில்லிகிராம் என்றால் நூற்றைம்பதுக்கு ஒன்று புள்ளி இரண்டு மில்லி. படிகள் வரிசையாக, அழகாக இருந்தன. இப்போது போய் முதுகைக் காட்டி நின்றால் அவள் மனசு நோகுமே என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வேறு மருந்து எடுக்க அலமாரியைத் திறந்தபோது அதே குப்பிகள் வரிசையாக நின்றன. காலையில் வந்த புதுச் சரக்கு, பழையது ஒன்றுகூட மீதி இல்லை. அதே மூடி, அதே அளவு, ஆனால் இரண்டு மில்லியில் ஐந்நூறு என்று அச்சடித்திருந்தது. அவள் பழைய குப்பியை நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள். ஏற்ற வேண்டியது புள்ளி ஆறுதான்.

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஊசி இன்னும் குழந்தையைத் தொடவில்லை. குப்பியைத் திருப்பிக் காட்டினேன். இவளை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன். பிடித்தபோது பயம்தான் இருந்தது. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது.

அவள் முகம் வெளிறிப்போனது.

"நீ கணக்குப் போடவே இல்லையா?"

"நீங்க சரியாத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன், அக்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாத. நான் போட்டது சரின்னு எந்தக் காலத்துலடி நீ நினைச்சிருக்க? திரும்பி நில்லு. முதல்ல இருந்து போடு."

ஊசியில் இருந்ததைக் கொட்டிவிட்டுத் திரும்பி நின்றோம். குப்பி, எடை, விகிதம், எக்ஸ். அவள் தாளைப் பிடுங்கி வரிக்கு வரி படித்தேன். என் தாளில் ஒரு புள்ளி தெளிவாக இல்லை என்று அவள் என்னை விளாசினாள். அவள் எழுத்து கோழி கிளறியது போல இருப்பதாக நானும் சொன்னேன். இரண்டு தாளிலும் புள்ளி ஆறு வந்தது.

குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். உங்கள் இருவருக்கும் ஆகாதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆகாது," என்றாள் நாத்தனார். "நீங்க பயப்படாம இருங்க."