பாறை மேல் மூன்று சோடி

“அம்மா, வானத்தை மிதிச்சா அதுக்கு நோகாதோ?”

நாலு வயதில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசா வாசலில், வானம் தெரியத் தேங்கிய மழைநீரைத் தாண்ட மாட்டாமல் நின்றபடி அட்சயா கேட்டது. அம்மா ஜெயமலர் அன்று அவளைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள்.

ஐந்து வருடங்களின் பின், இரண்டு நாள் கார் ஓடி, நியூ பிரன்ஸ்விக் கடற்கரையில் மூவரும் இறங்கினார்கள். கடல் வற்றியிருந்தது. நடுவே நீண்டு கிடந்த மணல்திட்டின் மேல் கால்நகம் நனையும் அளவுக்கே நீர். அதற்குள் முழு வானமும் இறங்கியிருந்தது. மேலே ஒரு பறவை போனால் கீழேயும் ஒன்று போனது.

“சப்பாத்தைக் கழட்டுங்கோ,” என்றாள் ஜெயமலர். “உதுக்குள்ள சப்பாத்தோட போகேலாது.”

“அப்ப தேங்காயும் உடைப்பமோ?” என்றார் கணவர் மகேஸ்வரன். ஆனாலும் கழற்றினார். கோயில் வாசலில் விடுவதுபோல மணல் விளிம்பில் மூன்று சோடியையும் விட்டார்கள். காரைப் பூட்டிய திறப்பு தண்ணீருக்குள் விழுந்துவிடும் என்று மகேஸ்வரன் அதைத் தன் சப்பாத்துக்குள் வைத்தார்.

மேகங்களின் மேல் நடந்தார்கள்.

“மெல்ல மிதிச்சா நோகாது,” என்றாள் ஜெயமலர்.

“நானோ அப்பிடிக் கேட்டனான்?” அட்சயாவுக்கு வெட்கம்.

இரண்டு மணிக்குக் கடல் திரும்பும் என்று கரையில் பலகை இருந்தது. மகேஸ்வரன் கையைத் திருப்பிப் பார்த்தார். “ஒரு மணிதான். இன்னும் நேரம் கிடக்கு.”

“அப்பா, உங்கட வோச் ரொறொன்ரோ டைம். இஞ்ச இப்ப ரெண்டு.”

திரும்பும்போது தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. சப்பாத்து விட்ட இடத்தில் முழங்கால் வரை. மகேஸ்வரன் குனிந்து இரு கைகளாலும் துழாவினார். காரின் மற்றத் திறப்பு ஸ்காபரோ வீட்டில் மேசை லாச்சிக்குள் இருந்தது.

“அங்க பாருங்கோ,” என்றாள் அட்சயா.

உயரத்தில் ஒரு பாறை மேல் மூன்று சோடியும் வரிசையாக, காய்ந்தபடி. திறப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. கரையில் ஒருவரையும் காணவில்லை.

“ஆரெண்டு தெரிஞ்சா ஒரு நன்றியெண்டாலும் சொல்லலாம்,” என்றார் மகேஸ்வரன்.

“சொல்லுவம்,” என்றாள் ஜெயமலர்.

மூன்று கிழமை கழித்து, வெள்ளிக்கிழமை. ஸ்காபரோ கோயிலில் சப்பாத்துத் தட்டுகள் நிறைந்து, வெளிப்படிகளிலும் செருப்புகள் கிடந்தன. திடீரென்று மழை பிடித்தது. உள்ளே தீபாராதனை மணி. எல்லாக் கண்களும் மூலஸ்தானத்தில். ஜெயமலர் மட்டும் மெல்ல வெளியே வந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் சிவப்புச் செருப்பு, யாரோ ஒரு முதியவரின் தேய்ந்த சப்பாத்து. ஐந்து தரம் நடந்து, எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே சோடி சோடியாக வைத்தாள்.

உள்ளே போனபோது தீபம் காட்டி முடிந்திருந்தது. ஈரக் கைகளைக் கூப்பினாள்.